குலுக்கல் பரிசாக நாய்க்குட்டியா? எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்கள் கவனத்துக்கு,

லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். நம் குடியிருப்பில் இனிமேல் ‘பேப்பர் உள்ள ஒரிஜினல் பிரீட்’ நாய்களை மட்டும்தான் வளர்க்கலாமாம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய்களை இந்த மாதக் கடைசிக்குள் வெளியேற்றிவிட வேண்டுமாம். அதோடு, ஆண்டு விழா அன்று கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு வியாபாரி நாய்க்குட்டி, பூனைக்குட்டி, பறவைகள் எல்லாம் கொண்டுவந்து கடை போடுவார், குடியிருப்போருக்குத் தள்ளுபடி உண்டு, குலுக்கலில் முதல் பரிசு ஒரு லாப்ரடார் குட்டி என்றும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்.

இவற்றில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. பொதுக்குழுவில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பொதுக்குழுவில் இது பேச்சுக்கே வரவில்லை. ஊரறிய எழுதுவதற்கும் காரணம் உண்டு. நம் சேலத்தில் அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், கன்னங்குறிச்சிப் பக்கம் புதிது புதிதாக எழும்பும் குடியிருப்புகளில் ஒருவர் போட்ட விதியை அடுத்தவர் அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறார். நம்முடைய சுற்றறிக்கை பக்கத்துக் கட்டடத்துக்கு மாதிரித்தாள் ஆகிவிடக் கூடாது.

நான் கால்நடை பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை, டாக்டர் ஊசி போடும்போது நாயின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவன். ஏற்காட்டு மலைக் கிராமங்களிலும், கீழே வாழப்பாடி, ஓமலூர்ப் பக்கத்திலும் வேலை பார்த்தேன். மாட்டாஸ்பத்திரி என்று சனங்கள் சொல்கிற இடத்துக்கு முன்பெல்லாம் சினை ஊசிக்குப் பசுவும், வயிறு ஊதிய ஆடும்தான் வரும். என் பணிக்காலத்தின் பின்பாதியில் துண்டில் சுற்றிய நாய்க்குட்டிகள் வரத் தொடங்கின. பெரும்பாலும் வாங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. வாந்தி, ரத்தமாகப் பேதி, கூடவே அழுதுகொண்டு ஒரு குழந்தை.

இரண்டாம் பிளாக்கில் ஒரு வீட்டுக்குப் போன வருடம் வந்த பீகிள் குட்டியை உங்களில் பலர் கொஞ்சியிருக்கிறீர்கள். இப்போது கடை போட நீங்கள் அழைத்திருக்கும் அதே ஆளிடம் வாங்கிய குட்டி அது. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, உங்களுக்குத் தெரியும். வாங்கும்போது குட்டி துள்ளிக்கொண்டுதான் இருந்தது. நாலைந்து நாளில் தட்டில் வைத்ததைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராத்திரி என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வியாபாரி கொடுத்த தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வழவழப்பான அட்டை, மேலே அழகான நாய்ப் படம். உள்ளே ஒரு தேதி, ஒரு டிக் அடையாளம், அவ்வளவுதான். ஊசி போட்டால் மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டி, டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தன் பதிவு எண்ணையும் எழுதுவார். அந்த அட்டையில் இரண்டுமே இல்லை. குட்டிக்கு வயது 50 நாள் என்று எழுதியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். முன்பல் மட்டும் அரிசி மாதிரி எட்டிப் பார்த்தது, கடைவாயில் வெறும் ஈறு. ஒரு மாதம் தாண்டியிருந்தாலே அதிகம்.

மறுநாள் காலை மருத்துவரிடம் சோதித்ததில், குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ என்ற தொற்றுநோய் என்று தெரிந்தது. டிரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. அந்த வீட்டுக்காரர் வியாபாரிக்குப் போன் போட்டபோது பக்கத்தில் நானும் இருந்தேன். “எங்ககிட்ட இருக்கற வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு. நீங்க என்னத்தைக் குடுத்தீங்களோ” என்றார். கொஞ்சம் விட்டு, “வேணும்னா அடுத்த ஈத்துல பாதி விலைக்கு ஒண்ணு தர்றேனுங்க” என்றார். இந்தப் பதிலை வேறு வேறு குரல்களில் பணிக்காலம் முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

‘எங்ககிட்ட இருக்கற வரைக்கும் நல்லா இருந்துச்சு’ என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, அதுதான் இதில் மோசம். பார்வோ கிருமி உடம்புக்குள் போய், மூன்று நாளிலிருந்து ஒரு வாரம், சில நேரம் இரண்டு வாரம்வரை வெளியே காட்டாது. நெருக்கமாக அடைத்த கூண்டில் தொற்றிய குட்டி, விற்கிற அன்றைக்கு வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும். உங்கள் வீட்டில் வந்து சாகும். பழி நீங்கள் கொடுத்த பாலின் மேல் விழும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைய ஆரம்பிக்கும் ஆறிலிருந்து எட்டு வாரத்தில்தான் முதல் தடுப்பூசியே தொடங்கும். அதற்குப் பிறகும் சில வார இடைவெளியில் திரும்பத் திரும்ப, குட்டிக்கு நாலு மாதம் ஆகும்வரை போட வேண்டும். ஒரு மாதக் குட்டியின் அட்டையில் ‘எல்லா ஊசியும் போட்டாச்சு’ என்று இருந்தால், அந்த அட்டை அச்சகத்தில் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கார் நிறுத்துமிடத்துக் கடையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பார்வோ கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வழக்கமாக நாம் தெளிக்கிற பினாயிலுக்கு அவ்வளவு எளிதில் சாகாது. பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும். விழா முடிந்து பந்தலைப் பிரித்துவிடுவீர்கள். குட்டிகள் பேதியான இடம் அங்கேயேதான் இருக்கும். அந்த வழியாகத்தான் நம் வீட்டு நாய்கள் எல்லாம் காலையும் மாலையும் நடக்கின்றன. ‘ஒரிஜினல் பிரீட்’ நாய்களும்தான்.

அடுத்து, உங்கள் ‘பேப்பர்’. நீங்கள் மனதில் வைத்திருப்பது சென்னையிலிருந்து இயங்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தருகிற வம்சாவளிச் சான்றிதழ். அதில் அப்பன் யார், ஆத்தாள் யார், பாட்டன் யார் என்று இருக்கும். தாய் எந்த இடத்தில் கட்டிக் கிடந்தது, எத்தனை தடவை ஈன்றது, குட்டி எத்தனை நாளில் தாயிடமிருந்து பிடுங்கப்பட்டது என்பதை அதில் தேடினால் கிடைக்காது. ஜாதகம் பொருந்தியிருக்கிறது என்பதால் மருமகளுக்கு அந்த வீட்டில் வேளாவேளைக்குச் சோறு போடுகிறார்கள் என்று ஆகிவிடுமா?

சட்டம் கேட்கிற பேப்பர் வேறு. நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கு என்று 2017-ல் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. வளர்ப்பு விலங்குக் கடைகளுக்கு என்று 2018-ல் இன்னொன்று. இரண்டுமே 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. குட்டி எடுத்து விற்பவரும் சரி, கடை வைத்திருப்பவரும் சரி, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. 18 மாதம் ஆகாத பெண் நாயை இனச்சேர்க்கைக்கு விடக் கூடாது. அடுத்தடுத்த பருவத்தில் ஓய்வே இல்லாமல் குட்டி எடுக்கக் கூடாது. கடை என்றால் நிரந்தரக் கட்டடத்தில் இருக்க வேண்டும். துணிப்பந்தலில், தற்காலிகமாக மேசை போட்டு உயிர் விற்பதற்கு அதில் இடமில்லை. ஆக, வம்சாவளிப் பேப்பர் இல்லாத நாயை விரட்டப் புறப்பட்ட நம் சங்கம், சட்டப்படியான பேப்பர் இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் ஒரு வியாபாரிக்குச் சிவப்புக் கம்பளம் விரிக்கிறது. அவருடைய பதிவு எண் என்ன என்று உங்களில் யாராவது கேட்டீர்களா? நான் செயலாளரிடம் கேட்டேன். “அவர் பெரிய பார்ட்டிங்க, எல்லாருக்கும் அவர்தான் சப்ளை” என்பது பதிலாக வந்தது.

சட்டம் இருக்கிறதே, அதிகாரிகள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்கலாம். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வதைக்கு, முதல் தடவைக் குற்றம் என்றால், அதிகபட்ச அபராதம் 50 ரூபாய். இன்றைக்கும் அதே 50 ரூபாய்தான். ஒரு குட்டியைப் பத்தாயிரம், பதினைந்தாயிரத்துக்கு விற்கிறவருக்கு அது டீச்செலவு. அதனால்தான் வாங்குகிறவரின் கேள்விக்கு இவ்வளவு மதிப்பு. வாங்குகிற இடத்தில் தடுக்காவிட்டால் வேறு எங்கேயும் தடுக்க முடியாது.

இப்படி விற்கிற குட்டிகளின் தாய்நாய்களை நான் பார்த்திருக்கிறேன். வெறிநோய்த் தடுப்பூசி முகாமுக்காகப் போன ஓர் ஊரில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. ஏப்ரல் மாதம். சேலத்து ஏப்ரல் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 40 டிகிரியைத் தாண்டும். கொட்டகைக்குள் வரிசையாகக் கூண்டுகள், கூண்டுக்குக் கம்பித்தரை. மூத்திரத்தில் ஊறி ஊறிக் கால் விரலிடுக்கெல்லாம் புண். கம்பியைக் கடித்துக் கடித்து முன்பற்கள் பாதியாகத் தேய்ந்திருந்தன. பால்மடி தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கிய ஒரு லாப்ரடார் எங்களைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. வயது நாலு என்றார் உரிமையாளர். எட்டு மாதிரி இருந்தது. பெண் நாய் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் 63 நாள். ஒரு பருவத்தையும் விடாமல் குட்டி எடுத்தால் அந்த உடம்பில் என்ன மிஞ்சும் என்பதைக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நீங்கள்.

முன்னறையில் வந்தவர்களுக்குக் காட்டுகிற குட்டிகள் பவுடர் வாசனையோடு கூடையில் இருந்தன. வாங்க வந்த யாரும் பின்பக்கம் போகவில்லை. “தாயைப் பார்க்கலாமா” என்று கேட்டால், “அது இன்னொரு இடத்துல இருக்குதுங்க”, “புது ஆளைப் பார்த்தா கடிக்கும்” என்று சொல்வார்கள். இந்தப் பதில் வந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் ஒரு படி மேலே போய், போனில் படம் அனுப்பி, பாதி பணம் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஜங்ஷனிலோ புதிய பஸ் ஸ்டாண்டிலோ அட்டைப் பெட்டியில் வைத்துக் கைமாற்றுகிறார்கள். அதில் தாயும் கிடையாது, இடமும் கிடையாது, திரும்பப் போய்க் கேட்க ஆளும் கிடையாது.

சேலத்துக்கே உரிய ஒரு தந்திரமும் உண்டு: “இது ஏற்காட்டு எஸ்டேட் குட்டிங்க, மலைக்காத்துல வளர்ந்தது, நோய் நொடி அண்டாது.” மலையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு தனிச்சரக்கு கிடையாது. கீழே கொட்டகையில் பிறந்ததற்குத்தான் காபித் தோட்டத்தின் பெயரை வைக்கிறார்கள். மே மாதக் கோடை விழாவில் நாய் கண்காட்சியைப் பார்த்துவிட்டுக் குழந்தை கேட்கும், இறங்கி வந்த கையோடு இந்தப் பேச்சை நம்பி வாங்குவார்கள்.

மலையிலிருந்து நாய் இறங்கி வந்து நான் பார்த்தது குறைவு. ஏறிப் போனதைத்தான் அதிகம் பார்த்தேன். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். எதிலாவது ஒரு வளைவில், கழுத்துப் பட்டை தடம் மட்டும் மிஞ்சிய நாய் ஒன்று கார்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். லாப்ரடார், பொமரேனியன், ஒரு தடவை ஹஸ்கி. சேலத்து வெயிலில் ஏசி போட்டுக் கட்டுப்படியாகாமல், “மேலே குளிர்ச்சியா இருக்கும், சுதந்திரமா சுத்தட்டும்” என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. அதற்கு வேட்டையாடத் தெரியாது, ஊர் நாய்களோடு ஒண்டத் தெரியாது, காட்டெருமையைக் கண்டால் விலகத் தெரியாது. தோட்டத் தொழிலாளிகள் யாராவது சோற்றில் பங்கு போடுவார்கள். மற்றபடி சொறியும் பசியும்தான். அப்படி விட்டுப்போன நாய்களை யோசித்தால் ஒன்று பொதுவாகத் தெரியும். எல்லாமே யாரோ ஆசையில், அவசரத்தில், எதையும் விசாரிக்காமல் வாங்கியவை.

அந்த ஆசையும் அவசரமும்கூட இல்லாத வீட்டில் நாயைத் திணிப்பதுதான் உங்கள் குலுக்கல். பரிசு யாருக்கு விழும்? பகல் முழுக்க இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு விழலாம். ஆஸ்துமா உள்ள பாட்டி இருக்கும் வீட்டுக்கு விழலாம். நாய் என்றாலே அலறும் குழந்தைக்கு விழலாம். லாப்ரடார் பத்து, பன்னிரண்டு வருடம் உயிரோடு இருக்கும். முப்பது கிலோ வரும். ஓடவிடாவிட்டால் சோபாவைத் தின்னும். மேடையில் மைக் பிடித்துக்கொண்டு, கைதட்டலுக்கு நடுவில், ‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பறவைகள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். லவ் பேர்ட்ஸ் என்று சொல்லிக் கொண்டுவந்து, கூண்டுக்கு அடியில் பச்சைக்கிளிக் குஞ்சையும் நட்சத்திர ஆமையையும் வைத்து விற்பது நம்மூரில் புதிதல்ல. இரண்டும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை. விற்பவரும் மாட்டுவார், வாங்கியவரும் மாட்டுவார், இடம் கொடுத்த சங்கமும் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

இனி, நீங்கள் வெளியேற்றச் சொல்லும் நாட்டு நாய்கள். பெயர் சொல்லியே பேசுவோம், நீங்கள் குறிவைப்பது மூன்றாம் பிளாக் டீச்சரம்மாவின் செவலையை. ஐந்து ரோடு மேம்பாலத்துக்கு அடியில் கால் அடிபட்டுக் கிடந்த குட்டி. அந்தம்மா எடுத்து வந்து, கட்டுப் போட்டு, வயது வந்ததும் கருத்தடை செய்து, ஒவ்வொரு வருடமும் வெறிநோய் ஊசி போடுகிறார். அட்டையை நான் பார்த்திருக்கிறேன்: ஸ்டிக்கர், கையெழுத்து, பதிவு எண், எல்லாம் வரிசையாக இருக்கிறது. நம் குடியிருப்பில் நாய் வைத்திருப்பவர்களில் எத்தனை பேரிடம் இப்படி ஓர் அட்டை இருக்கிறது என்று ஒருநாள் வீடு வீடாகப் போய்ப் பாருங்கள்.

நாட்டு நாய் கடிக்கும், வெறி பிடிக்கும் என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தெரு நாய்களைக் கண்டு தாய்மார்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது; அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வெறிநோய்க் கிருமி இனம் பார்த்துத் தொற்றுவதில்லை, ஊசி போட்டிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். கடிக்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடி, கொஞ்சம் அழுத்திக் கடித்தால் மற்றது கத்தும், தாய் உறுமும் என்பதைப் பழகித்தான் ஒரு குட்டி தன் பல்லின் வலுவைத் தெரிந்துகொள்கிறது. ஒரு மாதத்தில் பிடுங்கி விற்ற குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுபோகும். எட்டு வாரம் என்று விதி வைத்ததில் இதற்கும் பங்கு உண்டு. நம் லிஃப்டில் கையைக் கவ்வுகிற நாய் யாருடையது, எந்த இனம் என்று உங்களுக்கே தெரியும்.

கௌரவம் என்ற சொல்லும் அடிபட்டதாம். நம் நாட்டு இனங்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி எல்லாம் ஊர் பேர் சொல்லி நிற்பவை. ராஜபாளையத்துக்கு 2005-ல் அஞ்சல்தலையே வந்தது. அதற்காக ‘நாட்டு இனம் வாங்குங்கள்’ என்று கிளம்பிவிடவும் வேண்டாம். வேட்டைக்கு ஓடப் பிறந்த நாயை இரண்டு படுக்கையறை வீட்டில் பூட்டுவதும் பாவம்தான். வெள்ளை நிறத்துக்காகவே நெருங்கிய ரத்தத்தில் சேர்த்துச் சேர்த்து எடுத்ததில், காது கேட்காத ராஜபாளையம் குட்டிகளையும் பார்த்திருக்கிறேன். எந்த இனம் என்பதற்கு முன்னால் எங்கிருந்து, யாரிடமிருந்து, எப்படி என்று கேட்க வேண்டும். நான் சொல்ல வந்தது மொத்தமும் அதுதான்.

சட்டப்படியும் உங்கள் தீர்மானம் நிற்காது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட சுற்றறிக்கை, குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை வைத்துக்கூட வளர்ப்பு விலங்குகளைத் தடை செய்ய முடியாது என்கிறது. 2021-ல் கேரள உயர் நீதிமன்றமும் இத்தகைய தடை விதிகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. போதாக்குறைக்கு, பட்டினி கிடக்கும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். டீச்சரம்மாவிடம் நீங்கள் எழுத்தில் கேட்டிருப்பது அதைத்தான்.

நல்ல விதமாகக் குட்டி எடுப்பவர்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஓமலூர்ப் பக்கத்தில் ஒருவர் ஜெர்மன் ஷெப்பர்ட் வைத்திருந்தார். தாயும் குட்டிகளும் வீட்டுத் திண்ணையிலேயே கிடக்கும், யார் போனாலும் பார்க்கலாம். அதிகமாகக் குட்டி எடுக்க மாட்டார். வாங்க வருகிறவரை உட்காரவைத்து அவர்தான் கேள்வி கேட்பார். “பகல்ல வீட்ல யாருங்க இருப்பீங்க? மாடியா, தரைத்தளமா? ஊருக்குப் போனா யார்கிட்ட விட்டுட்டுப் போவீங்க?” காரில் வந்த ஒரு புதுமணத் தம்பதியை, “ரெண்டு பேரும் வேலைக்குப் போறீங்க, ஒரு ரெண்டு வருசம் போகட்டுங்க” என்று வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதை நேரில் பார்த்தேன். அவர்கள் முகம் சுண்டிப்போனது. வளர்க்க முடியாமல் போனால் தன்னிடமே திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும், வேறு எங்கும் விடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்வார். விற்கிறவர் உங்களிடம் எதுவுமே கேட்கவில்லை என்றால் அவருக்கு உங்கள் பர்ஸைத் தவிர வேறு எதுவும் தெரிய வேண்டியதில்லை என்று பொருள்.

தத்தெடுப்பதற்கும் இதே கண் வேண்டும். எடுத்து வளர்க்கிறோம் என்ற பெயரில் கண் திறக்காத குட்டியைத் தாயிடமிருந்து தூக்கி வந்து ‘காப்பாற்றிவிட்டேன்’ என்கிறவர்களும் உண்டு. தாய் பக்கத்திலேயே இரை தேடப் போயிருக்கும். வளர்ந்த நாயை எடுப்பது பல வீடுகளுக்குப் பொருந்தும் என்பது என் அனுபவம். அதன் குணம் முன்பே தெரியும், இரவு முழுக்க ஊளையிடுமா, குழந்தையோடு ஒத்துப்போகுமா என்று நாலு நாள் பழகிப் பார்த்தே முடிவு செய்யலாம். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு நான் குட்டியைச் சிபாரிசு செய்வதே இல்லை.

இப்போது என் கோரிக்கைகள்.

நாட்டு நாய்களை வெளியேற்றச் சொல்லும் தீர்மானத்தையும், ‘பேப்பர் உள்ள பிரீட் மட்டும்’ என்ற விதியையும் எழுத்துபூர்வமாகத் திரும்பப் பெறுங்கள். டீச்சரம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுங்கள். பலகையில் ஒட்டினால் மட்டும் போதாது.

ஆண்டு விழாவில் உயிருள்ள எதையும் விற்கவோ பரிசாகக் கொடுக்கவோ கூடாது. வியாபாரியிடம் கடை வேண்டாம் என்று இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். முன்பணம் ஏதாவது வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள். குலுக்கலுக்கு ஒரு மிக்ஸி வையுங்கள், யாரும் அழ மாட்டார்கள்.

அவருடைய மாநில விலங்குகள் நல வாரியப் பதிவு எண்ணை எழுத்தில் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் அந்தத் தகவலை வாரியத்துக்கும் மாவட்டப் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். பீகிள் குட்டியின் போலி அட்டை அந்த வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதன் நகலை இணைக்க அவர்கள் சம்மதித்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட நானும் தயார்.

கடை போட ஒதுக்கிய அதே இடத்தில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்துங்கள். நம் நாய்களுக்கும், வாசலில் படுத்திருக்கும் தெரு நாய்களுக்கும் சேர்த்து. முன்பு இந்த மாதிரி எதற்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைத்தான் நம்பியிருந்தோம், இப்போது நம் மாவட்டத்திலேயே தலைவாசலில் ஒரு கல்லூரி இருக்கிறது. மாவட்ட கால்நடை பராமரிப்புத் துறையிடமும் கேட்கலாம். கடிதம் எழுதி அலையும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த நடைமுறை எனக்குப் பழக்கம்.

புதிதாக நாயோ பூனையோ கொண்டுவரும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள் தாள் தயாரியுங்கள். கட்டாயம் என்று போட நமக்கு அதிகாரம் இல்லை, வேண்டுகோளாகவே இருக்கட்டும். தாயை நேரில் பார்த்தீர்களா, குட்டிக்கு எட்டு வாரம் ஆகிவிட்டதா, அட்டையில் ஸ்டிக்கரும் டாக்டர் பதிவு எண்ணும் இருக்கிறதா, விற்றவரின் பதிவு எண் என்ன, ரசீது கொடுத்தாரா, தத்தெடுத்தது என்றால் கருத்தடைக்கு நாள் குறித்தாயிற்றா என்று அதில் இருக்கட்டும். பல்லைப் பார்த்து வயது சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். 28 பால் பற்களும் முளைக்க ஏறக்குறைய எட்டு வாரம் ஆகும். அதை எண்ணுவதற்குக் காசு கேட்க மாட்டேன்.

இந்த மடலின் ஒரு பிரதியை, உங்கள் சுற்றறிக்கை தொங்கிய அதே பலகையில், அது தொங்கிய அத்தனை நாளும் ஒட்டிவையுங்கள். விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாக அவசரப் பொதுக்குழுவைக் கூட்டி இதை முதல் பொருளாக வையுங்கள். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் சுற்றறிக்கையின் படத்தோடு வாரியத்துக்கு நானே மனு அனுப்புவேன்.

இப்படிக்கு,
முதல் பிளாக்கில் குடியிருக்கும்
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
சேலம்